வெறும் மணல் என்று சொன்ன நண்டு

அந்தக் காலத்தில் நண்டின் கண்கள் ஓட்டோடு ஓட்டாகப் பதிந்திருந்தன. வாய்தான் அதற்குப் பெரிது. கரையில் யார் வந்தாலும் போனாலும் அவர்களைப் பற்றி ஏதாவது சொல்லாவிட்டால் அதற்குப் பொழுது போகாது. மனிதர்களும் அதனோடு வாயாடினார்கள். கட்டுமரம் கட்ட அப்போது யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று, நாரின் முனையில் ஒரு கல்லையும் எலும்பு முள்ளையும் கட்டி வீசினால் மீன் கிடைத்தது. அதற்கு மேல் ஆசைப்பட அவசியமும் இருக்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தூண்டிலைக் கையில் எடுத்தவன் மீன் படும்வரை, இல்லை தூண்டிலைக் கீழே வைக்கும்வரை, கடலிலிருந்து முகத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் கடலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கைக்கு மீனே கிடைக்காது என்றார்கள். கடல் இப்படிச் சொன்னதை யார் கேட்டார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நண்டு பேசியது, நாரை பேசியது. கடல் பேசியதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். முதுகில் பூச்சி கடித்தால்கூடக் கையைப் பின்னால் விட்டுத் தட்டினார்களே தவிர, கழுத்தைத் திருப்பவில்லை.

ஒரு வருஷம் மீன்கள் கரையை விட்டுப் போய்விட்டன. தூரத்தில் கடைசி அலை உடைகிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அதற்கு அப்பால் மீன் துள்ளுவது கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் கிழங்கு தோண்டிப் பிழைக்க உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். சங்கையன் மட்டும் போகவில்லை. அவனும் மனைவி பவளாயியும் ஊரோடு சேர்ந்து போக முடியாதபடி, ஒன்றரை வயது மகள் அஞ்சலை காய்ச்சலில் கிடந்தாள்.

காய்ச்சல் விட்டது. ஆனால் குழந்தை எதைக் கொடுத்தாலும் கக்கியது. கிழங்கைக் குழைத்துக் கொடுத்தார்கள், தங்கவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு அந்தக் கரையில் மீன் சாறுதான் கொடுப்பார்கள். அது உள்ளே இறங்கினால் பிள்ளை பிழைக்கும். பவளாயி குழந்தையின் விலாவைத் தடவிக் காட்டினாள். சங்கையன் தூண்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

அவன் வீசிய கல் திட்டுக்குப் பாதி வழியிலேயே விழுந்தது. மறுபடி வீசினான். மறுபடியும் அங்கேயே விழுந்தது. வளை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நண்டுக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, மீனு அங்க கெடக்கு, நீ இங்கயே கல்லப் போட்டுக்கிட்டு இருக்க?"

"தெரியுதுல்ல தம்பி, பேசாம இரு."

"பேசாம இருந்தா உனக்கு யாரு சொல்றது? ஒன் கயிறு ஈரத்துல ஊறி ஒரு ஆள் கனம் கனக்குது. அதுவே கல்லப் புடிச்சு இழுக்குது பாரு."

நண்டு சொன்னதில் தப்பில்லை. அவனுடைய தூண்டில் கயிறு தென்னை நாரில் திரித்தது, முரடு. அவன் சொல்லக் கேட்டுப் பவளாயி எருக்கஞ்செடியை ஒடித்துக் காயவைத்து நார் உரித்தாள். தொடையில் வைத்து மெல்லிசாகத் திரித்துக் கொடுத்தாள். தொடைத்தோல் சிவந்து எரிந்தது. அந்தக் கயிற்றில் வீசியபோது கல் முன்னைவிடத் தள்ளிப் போய் விழுந்தது. அவளும் அதைக் குடிசை வாசலிலிருந்து பார்த்தாள்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் அதே வேலையாகப் போயிற்று. இரண்டு பேர் என்றால் சங்கையனும் நண்டும். சின்னக் கல்லைக் கட்டினால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. பெரிய கல் புறப்பட்ட வேகத்திலேயே தலைகுப்புற விழுந்தது. கடைசியில் கையடக்கமாக, உருண்டையாக, வழவழப்பாக ஒரு கல் அகப்பட்டது. கால் நன்றாக ஊன்றட்டும் என்று அவன் கரையேறி நின்றான். அங்கே கயிறு மணலில் சிக்கி நின்றதால், ஈர மணலை நண்டு தன் கொடுக்கால் வழித்துச் சமமாக்கியது. அதன்மேல் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைத்தார்கள். சீக்கிரம் விட்டால் கல் வானத்துக்குப் போகிறது, பிந்தி விட்டால் காலடியில் மோதுகிறது என்பதும் பழகப் பழகப் பிடிபட்டது. வலது காலைப் பின்னுக்கு ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கடைசியில்தான் கையை வீச வேண்டும் என்று சங்கையன் தானாகவே கண்டுகொண்டான்.

இவ்வளவு செய்தும் கல் திட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுந்தது. கொஞ்சம்தான் குறை. அந்தக் கொஞ்சத்துக்காக வீட்டில் குழந்தை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது.

"கயித்தக் குறுக்கிப் புடிக்கிறண்ணே," என்றது நண்டு. "கல்லு ஒன் முதுகுக்குப் பின்னால ஓராள் நீளம் தொங்கட்டும். அம்புட்டுத் தூரத்துல இருந்து சுத்தி வந்தாத்தான் அதுக்கு வேகம் வரும்."

"பின்னால யாரு மேலயாவது பட்டா?"

"ஊரே காலி. யாரு இருக்கா?"

"பவளாயி வருவா."

"அப்ப நான் பாத்துச் சொல்றேன். நீதான் திரும்பக் கூடாது, எனக்கு என்ன கட்டுப்பாடு? மொத மீனோட தலைய மட்டும் எனக்குக் குடுத்துரு."

பேச்சு முடிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் சங்கையன் கடலைப் பார்த்தபடியே, "பின்னால?" என்று கேட்பான். நண்டு திரும்பிப் பார்த்து, "வெறும் மணல், அண்ணே," என்று சொல்லும். கல் உய்யென்று சுற்றி வந்து பறக்கும். பவளாயியிடமும் கரைப் பக்கம் வர வேண்டாம் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாலும் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. எத்தனை நாள்தான் ஒருவன் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருப்பான்? நண்டு முதலில் முழுசாகத் திரும்பியது. அப்புறம் பாதி திரும்பியது. அப்புறம் திரும்பாமலே சொன்னது. ஒரு தப்பும் நடக்கவில்லை. அதனால் அது தப்பென்றே அதற்குத் தோன்றவில்லை.

அன்று கடல் காற்று பலமாக இருந்தது. சங்கையன் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்து ஒரு வீச்சு வீசினான். கல் திட்டின் விளிம்பில் போய் விழுந்தது. அவனோ கால் நழுவி முழந்தாளிட்டு விழுந்தான், கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. குடிசையிலிருந்து பவளாயி இதைப் பார்த்தாள். புருஷன் விழுந்து கிடக்கும்போது கரைக்கு வராதே என்று சொன்னதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? ஒரு சங்கில் தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மச்சான்! இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு வீசுங்க!"

எதிர்க்காற்று அவள் குரலைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் சங்கையன் எழுந்து, கயிற்றை இழுத்துச் சுற்றி வைத்து, முள்ளில் புதிதாக இரை மாட்டிவிட்டான். மிச்சமிருந்த சிப்பிச் சதை ஓர் ஓட்டில் கிடந்தது. நண்டும் பட்டினிதானே. அவன் பார்க்கவில்லை என்று அதில் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது.

"பின்னால?"

மென்றபடியே நண்டு சொன்னது: "வெறும் மணல், அண்ணே."

இதுவரை வீசாத வேகத்தில் அவன் சுற்றினான். கல் பறக்கவில்லை. பின்னால் எதிலோ பட்டு நின்றது. மணலில் மோதினால் அந்தச் சத்தம் வராது.

அப்போதுகூட அவன் திரும்பவில்லை. கட்டையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, கடலைப் பார்த்தபடியே கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தான். கயிறு கனமாக வந்தது. "தம்பி, என்ன மாட்டியிருக்கு, பாத்துச் சொல்லு," என்றான். கரையில் அதுவரை வாய் மூடாத அந்த நண்டு பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் திரும்பினான்.

பவளாயி பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். காதுக்கு மேலே கல் பட்டிருந்தது. முந்தானையில் முள் மாட்டியிருந்தது. அவன் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, கண் எங்கோ பார்த்தது.

"மீனு பட்டுச்சா மச்சான்?" என்று கேட்டாள்.

"பட்டுச்சு," என்றான்.

அவள் உயிர் அதோடு போய்விட்டது.

சங்கையன் நண்டின் பக்கம் போனான். அதன் வாயோரத்தில் சிப்பிச் சதை இன்னும் ஒட்டியிருந்தது. குதிகாலைத் தூக்கினான். நண்டு வளைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே, "தெனமும் வெறும் மணலாத்தானே அண்ணே இருந்துச்சு," என்றது.

அதுதான் நண்டு பேசிய கடைசிப் பேச்சு. கால் இறங்குவதற்குள் அது வளைக்குள் புகுந்துவிட்டது. உள்ளே இருட்டில் கிடந்து, அவன் வருகிறானா வருகிறானா என்று கண்ணை மேலே மேலே தள்ளிப் பார்த்தது. தள்ளித் தள்ளி அந்தக் கண்கள் ஓட்டை விட்டு எழும்பிக் குச்சி மாதிரி நின்றுவிட்டன. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை, நுரைதான் வந்தது.

சங்கையன் பவளாயியைத் தூக்கித் தள்ளிக் கிடத்திவிட்டுக் கல்லைக் கழுவினான். பட்டுச்சு என்று அவளிடம் சொல்லிவிட்டான் அல்லவா? குடிசையில் குழந்தை வேறு முனகிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்து நின்று கையைத் தூக்கியவன், தூக்கிய கையை இறக்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பவளாயி தள்ளி, வீச்சு எட்டாத இடத்தில் கிடந்தாள். பிறகுதான் வீசினான். கல் திட்டைத் தாண்டி விழுந்தது. கயிறு விறைத்தது. கை கொள்ளாத பாறைமீன் ஒன்று வந்தது.

கடல் ஒன்றும் செய்யவில்லை. அவன் திரும்பிப் பார்த்ததற்குக் கோபிக்கவுமில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. அலை வந்தது, போனது. எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. கையில் மீனைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு நாரைகள் எல்லாம் எழும்பிப் பறந்துபோயின.

மீன் சாறு அஞ்சலையின் வயிற்றில் தங்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

மழைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். வீசுவதற்கு முன்னால் சங்கையன் கழுத்தைத் திருப்புவதைக் கண்டு பதறினார்கள். "ஏய், கடலு கோவிச்சுக்கிடும்டா!" என்றார்கள். அவன் அடுத்த வீச்சுக்கும் திரும்பிப் பார்த்தான், மீன் பட்டது. அதற்கடுத்த வீச்சுக்கும் பார்த்தான். பவளாயியைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அன்று முதல்தான் நண்டு குச்சிமேல் கண்ணை நிறுத்தி நாலாபக்கமும் பார்க்கிறது, மனிதக் காலடி கேட்டதும் வளைக்குள் ஓடி நுரை கக்குகிறது. கரையில் நின்று தூண்டில் வீசுகிறவரும் எவ்வளவு அவசரமானாலும் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார், அங்கே யாரும் இல்லை என்று கண்டதும் எல்லோருக்கும் மனசு நிம்மதியாகிறது, சங்கையனுக்கு மட்டும் சாகும்வரை அப்படி ஆனதில்லை.