கயிற்றேணியில் கேட்ட குரல்

"நேத்தும் கூப்பிட்டான்," என்றார் வேதாசலம்.

"தண்ணிய இறைங்க," என்றாள் சவேரியம்மாள்.

வேதாசலத்துக்கு வயது எழுபத்து நான்கு. சவேரியம்மாளுக்கு நாற்பத்தாறு. இதில் யார் குரு என்று கேட்பவர்கள் தாடியைத் தேடுகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கழிமுகத்தில் வேலை இல்லை.

அவள் அக்கரைப் படகு ஓட்டுகிறவள். ஆறு கடலோடு சேரும் இடத்தில், இந்தத் துறைக்கும் எதிர்த்துறைக்கும் நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்குவாள். மனசில் முள் தைத்தவர்கள் அவள் படகில் ஏறி ஏதாவது கேட்பார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். இறங்கும்போது அவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

வேதாசலம் மழைக்காலத் தொடக்கத்தில் வந்தார். வந்த அன்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"குடை?" என்று கேட்டாள்.

"இல்ல. ரொம்ப வருஷமா இல்ல."

அவள் ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். படகின் அடியில் ஒரு பொட்டு ஓட்டை. அதன் வழியாக நாளெல்லாம் தண்ணீர் ஊறும். அன்று முதல் அதை இறைப்பது அவர் வேலை.

"ஓட்டைய அடைச்சிடலாமேம்மா?" என்றார் பத்து நாள் கழித்து.

"அடைச்சா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் இறைத்தார்.

*

மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் காலை, படகில் ஆள் ஏறுவதற்கு முன், அவளே கேட்டாள்.

"யாரு கூப்பிடுறா?"

வேதாசலம் டப்பாவைக் கீழே வைத்தார்.

அவர் ஒரு காலத்தில் இந்த ஆற்றின் பைலட். பெரிய கப்பல்களின் கேப்டன்களுக்குக் கடல் தெரியும், இந்த ஆற்றின் மணல்திட்டுகள் தெரியாது. அதனால் துறையிலிருந்து கப்பலில் ஏறி, திட்டில் தட்டாமல் கடல்வாய்வரை கொண்டுபோய் விடுவார். அங்கே கப்பல் நிற்காது. ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணியைத் தொங்கவிடுவார்கள். அதில் இறங்கி, கீழே கூடவே வரும் சிறு படகில் குதித்துக் கரை திரும்புவார்.

"முப்பத்தோரு வருஷம் முன்னாடி ஒரு போர்க்கப்பல்," என்றார். "துறையில ஏறும்போது நல்ல மழை. கடல்வாய்க்கு வந்ததும் விட்டு வெயிலடிச்சிடுச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கேப்டன் கையைக் குலுக்கிட்டு இறங்கினேன். ஒரு சின்னப் பையன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டான். மீசைகூட ஒழுங்கா வரலை. பாதி ஏணி இறங்கியிருப்பேன். மேலேருந்து ஒரு குரல். 'பைலட் ஐயா'ன்னு."

"அப்புறம்?"

"திரும்பல."

"ஏன்?"

"கிளம்பினவனைப் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாதுன்னு எங்க வீட்டுல வளர்த்துட்டாங்கம்மா. கூப்பிட்டுட்டா போற காரியம் கெட்டுடும். வீடா இருந்தா பரவால்ல. உள்ள வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்பலாம். கயிற்றேணியில தொங்குறவன் எங்க போய் உட்காருவான்? காதுல விழாத மாதிரி இறங்கிட்டேன்."

"கப்பல்?"

"போனது போனதுதான்."

எண்பத்தாறு பேர். புயலா, பாறையா, யாருக்கும் தெரியவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. விசாரணையில் வேதாசலத்தை நிற்க வைத்துக் கேட்டார்கள். அந்தக் கப்பலிலிருந்து கடைசியாக இறங்கிய ஆள் அவர்தான்.

"'வித்தியாசமா ஏதாவது பார்த்தீங்களா'ன்னாங்க. இல்லைன்னேன். 'கேட்டீங்களா'ன்னு அவங்க கேட்கல. நானும் சொல்லல."

டப்பாவை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

"பைலட் ஒரு வார்த்தை சொன்னா கப்பல் நிக்கும்மா. அந்தப் பையன் எதையோ பார்த்துட்டு என்கிட்ட சொல்ல வந்திருக்கான். தண்ணி உள்ள வருதுன்னோ, இன்ஜின்ல சத்தம் கேக்குதுன்னோ. நான் திரும்பியிருந்தா எண்பத்தாறு பேரும் பிழைச்சிருப்பாங்க. அதுலேருந்து எந்தப் போர்க்கப்பல் இந்த ஆத்தை விட்டுப் போனாலும், அதுல நின்னு கூப்பிடுறான். அதே குரல். நேத்தும் கூப்பிட்டான். அவனை நிறுத்துறதுக்கு ஏதாவது வழி சொல்லும்மா."

சவேரியம்மாள் படகின் அடியைப் பார்த்தாள். பேச்சு மும்முரத்தில் தண்ணீர் கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"இறைங்க," என்றாள்.

*

அடுத்த கப்பல் தை மாதத்தில் கிளம்பியது.

காலை ஒன்பது மணி. கழிமுகம் சந்தைக்கடையாக இருந்தது. மணல் படகுகள், ஐஸ் ஏற்றிய வள்ளங்கள், கடலிலிருந்து திரும்பும் விசைப்படகுகள், அவற்றைச் சுற்றிப் பருந்துகள். யாருக்கும் யாருடைய பேச்சும் கேட்காது. அக்கரைப் படகில் அப்போது இரண்டே பயணிகள்: ஒரு மீன்கூடைக்காரி, கக்கத்தில் குடை இடுக்கிய சைக்கிள்காரர் ஒருவர்.

மேல்துறையில் சங்கு ஊதியது.

போர்க்கப்பல் போகும்போது மற்ற எல்லாப் படகும் ஓரம் ஒதுங்கி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இது இந்த ஆற்றின் வழக்கம். ஒவ்வொன்றாக இன்ஜின்கள் அணைந்தன. சவேரியம்மாளும் அணைத்தாள். அத்தனை இரைச்சலும் போய், ஆற்றில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பருந்துகள்கூட எங்கோ போய்விட்டன.

கப்பல் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. அதற்குள் கரையோரத் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கியது. பெரிய கப்பல் குறுகிய ஆற்றில் வந்தால் அப்படித்தான், முன்னாலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சேற்றில் கிடந்த பழைய நங்கூரமும் ஒற்றைச் செருப்பும் வெளியே தெரிந்தன. கட்டிக் கிடந்த படகுகள் எல்லாம் கயிறு விறைக்க ஒரே பக்கம் திரும்பின.

வேதாசலம் இந்த ஆற்றில் முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவர். இதைத் தினமும் பார்த்தவர். ஆனாலும் பயந்தார்.

கப்பல் வந்தது.

சாம்பல் நிறச் சுவர் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தது. அதன் மேல்விளிம்பு நெடுக வெள்ளைச் சீருடையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கைகள் பின்னால். முகங்கள் கரையைப் பார்த்து. ஒருவரும் அசையவில்லை. எந்த முகமும் எந்த முகத்திலிருந்தும் வேறாகத் தெரியவில்லை.

"பைலட் ஐயா!"

வேதாசலம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கூடைக்காரி கூடைக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிள்காரர் கொட்டாவி விட்டார். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கூப்பிடுறானா?" என்றாள் சவேரியம்மாள்.

வேதாசலம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"பதில் சொல்லுங்க."

"யாருக்கு?"

"கூப்பிடுறவனுக்கு. முப்பத்தோரு வருஷமா தொண்டை கிழியக் கத்துறான். நீங்க ஒரு தடவையாவது என்னன்னு கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. அது அவருக்குத் தோன்றியதே இல்லை. சோதிடரிடம் போயிருக்கிறார், கோயில் குளம் சுற்றியிருக்கிறார், காது டாக்டரைக்கூடப் பார்த்திருக்கிறார். அவனிடம் மட்டும் கேட்டதில்லை.

"அவன் சொல்லிட்டான்னா?"

"சொல்லட்டும்."

"நான்தான் அத்தனை பேரையும் கொன்னேன்னு ஆயிடுச்சுன்னா?"

"ஆகட்டும்."

"என்னால முடியாதும்மா."

"அப்ப இறைங்க," என்று டப்பாவை நீட்டினாள்.

கப்பலின் முன்பாதி அவர்களைத் தாண்டிவிட்டது. அதன் நிழல் படகின் மேல் விழுந்து ஊர்ந்தது. நிழலுக்குள் குளிர் மார்கழிபோல இருந்தது.

"பைலட் ஐயா!"

வேதாசலம் டப்பாவை வாங்கினார். பார்த்தார். ஆற்றில் வீசி எறிந்தார். படகு ஆட ஆட எழுந்து நின்றார்.

"என்னப்பா?" என்று கத்தினார். "என்னப்பா வேணும் உனக்கு?"

குரல் அந்தச் சாம்பல் சுவரில் மோதி உடைந்தது. மேலே ஒருவரும் அசையவில்லை. ஓரம் ஒதுங்கியிருந்த படகுகளிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கப்பலின் பின்பாதி படகுக்கு நேராக வந்தது.

பிறகு மேலிருந்து, மூச்சிரைக்க, மாடிப்படி ஓடி ஏறி இறங்கிவந்த ஒரு பையனின் குரல்:

"குடைய விட்டுட்டுப் போறீங்க ஐயா!"

சைக்கிள்காரர் சட்டென்று தன் கக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். குடை இருந்தது.

கூடைக்காரி குனிந்து பலகைக்கு அடியில் தேடினாள். "யாரோட குடை? இங்க ஒண்ணும் இல்லியே," என்றாள்.

வெள்ளைச் சீருடை வரிசை வாயைத் திறக்காமல் நின்றபடியே கடந்து போயிற்று. கடைசி ஆளும் போனான்.

வேதாசலம் நின்றுகொண்டே இருந்தார்.

கறுப்புக் குடை. பிரம்புப் பிடி. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு மழை விட்டதும், கப்பலை ஓட்டும் அறையின் மூலையில், ஒழுகட்டும் என்று அவரே சாத்தி வைத்தார். வீட்டுக்கு வந்து அவர் அதைத் தேடவில்லை. தேட நேரம் கிடைப்பதற்குள் கப்பல் தொலைந்த செய்தி வந்துவிட்டது.

"குடை," என்றார்.

மெல்லப் பலகையில் உட்கார்ந்தார்.

"குடையா? இதுக்கா நான்..." சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அழுகை வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் எண்பத்தாறு பேருக்காக அழுதவர், முதல் தடவையாக அந்த ஒருவனுக்காக அழுதார்.

"ஏணியப் பிடிச்சுக்கிட்டிருந்தவன், என் கையில குடை இல்லாததைப் பார்த்துட்டு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்திருக்கான். அவ்வளவு பெரிய கடலுக்குப் போறவன். என் குடைய நெனச்சிருக்கான் பாரும்மா."

கப்பல் கடல்வாயைத் தாண்டியது. போன தண்ணீர் மொத்தமாகத் திரும்பி வந்து கரையை அறைந்தது. நங்கூரமும் ஒற்றைச் செருப்பும் மறுபடி மூழ்கின. எல்லா இன்ஜின்களும் ஒன்றாகக் கிளம்பின. ஒரு நிமிஷத்தில் கழிமுகம் பழையபடி சந்தைக்கடையானது.

சவேரியம்மாள் படகைத் துறையில் அணைத்தாள். கூடைக்காரி இறங்கினாள். சைக்கிள்காரர் இறங்கினார். இறங்கும்போதும் குடையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

வேதாசலமும் எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். ஒரு காலைத் துறைப்படியில் வைத்தார்.

"ஐயா!" என்றாள் சவேரியம்மாள், பின்னாலிருந்து.

அவர் அப்படியே நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் படகில்.

பிறகு திரும்பினார்.

அவள் தன் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உட்காருங்க. தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க."