காலை உயரம், மாலை உயரம்

டக். பிள்ளையின் உச்சந்தலையில் அளவுப்பலகை வந்து உட்காரும் அந்தச் சத்தம், எத்தனையோ வருடம் கழித்தும் சுகந்தியின் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது அவள் கோவையில் சத்துணவு ஆராய்ச்சி மாணவி. பாலில் கலந்து குடிக்கும் ஒரு சத்துப்பொடி பிள்ளைகளின் உயரத்தைக் கூட்டுகிறதா என்று ஆய்வு நடந்தது. செலவெல்லாம் பொடி விற்கும் நிறுவனத்துடையது. ஒரு பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஓராண்டு பொடி கலந்த பால் குடித்தார்கள், மீதிப் பேர் வெறும் பால். தொடக்கத்தில் எல்லாரையும் காலையில்தான் அளந்தாள். முடிவில் நிறுவன அதிகாரி வந்து முறையை மாற்றினார். பொடி குடித்தவர்கள் காலையில், மற்றவர்கள் பள்ளி விட்டபின்.

மாலை வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். "காலைலயே தெரியாம வந்து நின்னேனே அக்கா, அப்ப என் தலை அளவுகோல்ல போட்டிருக்கற சிவப்புக் கோட்டைத் தொட்டுச்சு. இப்ப தொடல. சுருங்கிட்டேனா?"

சுருங்கித்தான் இருந்தாள். நாளெல்லாம் நின்று ஓடினால் முதுகெலும்பு அழுந்தும். மாலையில் எவரும் கொஞ்சம் குள்ளம். சுகந்தி ஆய்வை நடத்திய தன் பேராசிரியர் கோதண்டபாணியிடம் போய்ச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கருவி ஒண்ணு, அளந்த கை ஒண்ணு. இதுல பொய் எங்கம்மா இருக்கு? கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கிட்டா ஆய்வு நிக்கும். உன் பட்டமும் நிக்கும்."

கணக்கிட வந்த புள்ளியியலாளர் ஹமீது ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்துலதானே அளந்தீங்க, மேடம்? சார் சொன்னா நான் ரெண்டு தடவை யோசிப்பேன். நீங்க சொன்னாப் போதும்."

சுகந்தி ஆமென்று தலையசைத்தாள்.

ஹமீதின் கணக்கில் பிசகில்லை. பொடி வென்றது. அதை நம்பிய தாய்மார்கள் பிள்ளைக்குக் கொடுத்த முட்டையை நிறுத்திவிட்டுப் பொடி டப்பா வாங்கினார்கள்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஓர் எண்கூடப் பொய்யாக எழுதப்படாத இந்த ஆய்வில், நேரத்தைப் பிரித்த அதிகாரி, தெரிந்தும் விட்ட பேராசிரியர், தலையசைத்த சுகந்தி, இவர்களில் யார் குற்றம் பெரிது?

விடை: அதிகாரி விற்க வந்தவர், அவரிடம் யாரும் உண்மையைக் கேட்கவில்லை. பேராசிரியர் விலைபோனவர், ஆனால் ஹமீது அவரை நம்பவுமில்லை. நம்பிக் கேட்கப்பட்டவள் சுகந்தி ஒருத்திதான். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். அவள் குற்றமே பெரிது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது. பின்னாளில் ஆய்வு தவறென்று தெரிந்து விசாரணை வந்தபோது, கணக்குக்குப் பொறுப்பானவர் என்று ஹமீதுக்குத்தான் வேலை போனது.