எல்லைக் கல் ஏறிய மாட்டு வண்டி

முன்னொரு காலத்தில் நெல்லெல்லாம் வயல்நாட்டில், உப்பெல்லாம் கடல்நாட்டில், தேனெல்லாம் மேட்டுநாட்டில் என்று கிடந்தபோது, மூன்று ராஜாக்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். ஒரு நாட்டுச் சரக்கு மற்ற இரண்டு நாடுகளுக்கும் தடையில்லாமல் போகலாம். ஒரு நாட்டில் தொழில் செய்கிறவர் மற்ற இரண்டிலும் அதே தொழிலைச் செய்யலாம். நல்ல காரியம்தானே? நல்ல காரியம் என்றால் அரண்மனையில் யாருக்காவது வயிறு எரியுமே!

வயல்நாட்டு அரண்மனை வைத்தியர் அகோர பண்டிதருக்கு எரிந்தது. மேட்டுநாட்டு மருத்துவச்சிகள் வந்துவிட்டால் தன்னை யார் தேடுவார்கள் என்று பயம். ராஜா மணிமாறர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஓர் ஆணையை நீட்டினார்.

'எல்லைக் கல்லைத் தாண்டி வரும் வைத்தியர் எவராயினும், நம் அரண்மனை வைத்தியசாலையில் பன்னிரண்டு வருஷம் படித்தவராக இருக்க வேண்டும். மீறித் தாண்டினவருக்கும் தாண்ட விட்டவருக்கும் மரண தண்டனை.'

"உடன்படிக்கைக்கு விரோதமில்லையே?" என்றார் ராஜா.

"எந்த நாட்டின் பேரும் இதில் இல்லை, மகாராஜா. எல்லோருக்கும் ஒரே சட்டம்."

பக்கத்தில் நின்ற விகடகவி கூத்தப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "நம் வைத்தியசாலையில் படித்தவன் நம் ஊரில்தானே இருப்பான்? அவன் எதற்கு அந்தப் பக்கமிருந்து வரப்போகிறான்?" என்றான்.

குதிரையை நகர்த்துகிற மும்முரத்தில் ராஜாவுக்குக் காது கேட்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டார். பண்டிதருக்கு மட்டும் நன்றாகவே கேட்டது. அன்றையிலிருந்து கூத்தப்பன் தலைமேல் அவருக்கு ஒரு கண்.

ஆறு மாதம் கழித்து ராணி செண்பகவல்லிக்கு வலி கண்டது. இரண்டு நாளாயிற்று. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. பண்டிதர் கஷாயத்துக்கு மேல் கஷாயமாகக் கொடுத்தார், பிள்ளை திரும்பவில்லை. ராணி மேட்டுநாட்டுப் பெண். "எங்கள் ஊர் மருத்துவச்சி வேலாத்தாளைக் கூப்பிடுங்கள். நானும் குறுக்கேதான் கிடந்தேனாம். என்னையும் என் அம்மாவையும் பிழைக்க வைத்தவள் அவள்தான்" என்று கதறினாள்.

வேலாத்தாள் சேதி கேட்டு விடியும்போதே எல்லைக்கு ஓடி வந்துவிட்டாள். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிட்டான்.

"ஆணையை ரத்து செய்கிறேன்!" என்று ராஜா எழுந்தார்.

"முத்திரை வைத்த ஆணையை ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை என்பது தங்கள் பாட்டனார் செய்த சத்தியம்" என்றார் பண்டிதர். "தம் மனைவிக்காக அதைத் தாங்களே மீறலாமா, மகாராஜா?"

அடப் பாவி மனுஷா! உள்ளே ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள், இவருக்குச் சத்தியம் நினைவுக்கு வருகிறது.

ராஜாவின் முகம் கறுத்தது. "கூத்தப்பா, ஆணையும் மீறக் கூடாது. ராணியும் பிழைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வழி செய். இல்லாவிட்டால் உன் தலை உன்னிடம் இருக்காது."

கூத்தப்பன் உடனே புறப்பட்டான். ஒரு மாட்டு வண்டி, ஒரு கடப்பாரை, நாலு ஆட்கள். உச்சிவேளைக்குள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தான். போனவன் எல்லைக் கல்லின் அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பினான்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்று காவல்காரன் பதறினான்.

"உனக்கு என்ன உத்தரவு, தம்பி?"

"கல்லைத் தாண்டி வைத்தியருங்க யாரையும் விடக் கூடாதுங்க."

"விடாதே. கல் இதோ வண்டியில போகுது. அம்மா பின்னால வருவாங்க. நீ கூடவே வா. கல்லைத் தாண்டி ஓரடி வெச்சாங்கன்னா குத்திடு."

காவல்காரன் தலையைச் சொறிந்தான். உத்தரவில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வண்டி அசைந்து அசைந்து போயிற்று. வேலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "அட என்ன சாமி இது, ஆமையாட்டம் போகுது! நான் ஓடியே போயிருவேனே!" என்று முன்னால் பாய்ந்தாள். ஈட்டி அவள் மார்புக்கு நேராக வந்தது.

"அம்மா, பின்னால! பின்னால வாங்கம்மா!" என்று கூத்தப்பன் அலறினான். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. வாய்க்கால் மேட்டில் சக்கரம் அழுந்தி நின்றபோது வேலாத்தாளே தோள் கொடுத்துத் தள்ளினாள்.

அரண்மனை வாசலில் கல்லை இறக்கினார்கள். பணிப்பெண்கள் அதை உருட்டிக்கொண்டு போய்ப் பேறுகால அறையின் கோடிச் சுவரில் சாய்த்தார்கள். வேலாத்தாள் அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைந்தாள். கதவு சாத்தப்பட்டது.

வெளியே ராஜா நின்றார். கூத்தப்பன் சூரியனைப் பார்த்தபடி நின்றான். மேற்கே பாதி வட்டம்தான் மிச்சம் இருந்தபோது உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. ராணியும் பிழைத்தாள். ராஜா எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

மறுநாள் சபையில் பண்டிதர் எழுந்தார். "எல்லைக் கல்லைப் பிடுங்குவது ராஜத் துரோகம். இவனைக் கழுவேற்ற வேண்டும்!"

சட்டம் அப்படித்தான் இருந்தது.

"பண்டிதரே, கல் போன இடத்துக்கு எல்லையும் போகுமா?" என்றான் கூத்தப்பன்.

"போகும்! அரண்மனை வரைக்கும் மேட்டுநாட்டுக்குத் தாரை வார்த்துவிட்டாய்!"

"அப்படியானால் இளவரசர் பிறந்தது மேட்டுநாட்டில். அந்நிய மண்ணில் பிறந்தவர் இங்கே பட்டம் ஏற முடியாது. அதையும் தங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்."

ராஜாவின் கை வாள்பிடிக்குப் போயிற்று. கண்கள் பண்டிதர்மேல் நின்றன.

"இல்லை... கல் போனால் எல்லை போகாது!" என்றார் பண்டிதர், வியர்த்துக் கொட்ட.

"அப்போது நான் ஒரு பிடி மண்ணும் கொடுக்கவில்லை. துரோகம் ஏது?"

"அந்த மருத்துவச்சி தாண்டி வந்தாளே!"

கூத்தப்பன் சபை ஓரம் நின்ற எல்லைக் காவல்காரனைப் பார்த்தான். "ஓரடி கூடக் கல்லைத் தாண்டலீங்க, சாமி. ஒரு தடவை தாண்டப் பார்த்தாங்க, நான் விடலை" என்றான் அவன் பெருமையாக.

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார், கிரீடம் சரிந்ததுகூடத் தெரியாமல். "கூத்தப்பா, என்ன வேண்டுமோ கேள்!"

"அந்தக் கல்லைக் கொடுங்கள், மகாராஜா. வீட்டில் துணி துவைக்க ஒரு கல் இல்லாமல் என் பெண்டாட்டி திட்டிக்கொண்டே இருக்கிறாள்."

"எல்லைக்கு?"

"அங்கே ஒரு பனைமரம் நிற்கிறது, போதும். தங்கள் ஆணை அப்படியே இருக்கட்டும், பாட்டனார் சத்தியமும் இருக்கட்டும். தாண்டுவதற்குத்தான் கல் இருக்காது."

கல்லோடு ஒரு ஜோடி பட்டு வேட்டியும் சேர்த்துக் கொடுத்தார் ராஜா, கூத்தப்பன் வீட்டில் துவைப்பதற்கு. குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பக் கற்றுக்கொண்டு வரும்படி பண்டிதரை வேலாத்தாளோடு அனுப்பினார். தலையைக் குனிந்துகொண்டே பனைமரத்தைக் கடந்து போனார் பண்டிதர். மேட்டுநாட்டுக் காவல்காரன் அவருடைய மருந்துப் பெட்டியைப் பார்த்தான். "வைத்தியருங்களா? வாங்க, வாங்க" என்றான். எங்கே படித்தீர்கள் என்று அவன் கேட்கவே இல்லை.