மாதிரிக் கேள்வியும் கொப்பையாவின் கல்யாணமும்

இந்தக் கூத்தைக் கேளுங்க. கோணப்பட்டி கொப்பையாவுக்குப் பேச்சி மேல் உசிரு. அவள் அப்பாவோ, நெல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் காவலாள் வேலை வாங்கிட்டு வந்தால்தான் பொண்ணு என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேலைக்குப் பரீட்சை உண்டு. கொப்பையா தன் சேக்காளிகள் விருமனையும் ஒச்சுவையும் கூட்டிக்கொண்டு டியூஷன் வாத்தியாரிடம் ஓடினான்.

பரீட்சையில் நாலு நாலு சொல்லாகக் கேள்வி வரும், முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தம் மூன்றுக்கும் நான்குக்கும் இருக்கணும் என்றார் வாத்தியார். எதைப் பார்த்தாலும் இப்படியே யோசிச்சுப் பழகுங்க என்றும் சொல்லித் தொலைத்தார். அங்கேதான் மனுஷன் கெடுத்தார்.

பரீட்சைக்குப் போகிற வழியில் பஸ் நின்றுபோனது. மூவரும் இறங்கி யோசித்தார்கள்.

"மாடு படுத்துக்கிட்டா வாலை முறுக்கணும். பஸ் படுத்துக்கிட்டா?" என்றான் விருமன்.

பின்னால் நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயை ஒச்சு பிடித்து முறுக்கினான். உள்ளங்கை வெந்தது. பஸ் இன்னும் நகரவில்லையே என்று அவன் பிடியை விடவில்லை.

"பல்லு வலிச்சா பல்லைப் பிடுங்கணும். கை வலிச்சா?" என்று நிதானமாகக் கேட்ட கொப்பையா, அந்தக் கையைக் குழாயிலிருந்து பிடுங்கினான். வலி குறைந்தது. வாத்தியார் சொன்னது சரிதான் என்று மூவருக்கும் ஒரே திருப்தி.

பரீட்சைத் தாளில் முதலில் ஒரு மாதிரிக் கேள்வி. பசுவுக்குக் கன்று என்றால் ஆட்டுக்கு எது? குட்டி என்று விடையையும் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். கொப்பையா புருவத்தைச் சுருக்கினான். இந்தக் கேள்விக்கு அவர்களே விடை எழுதினார்கள் என்றால், மற்றக் கேள்விகளுக்கு யார் எழுதணும்? அப்பாடா என்று பேனாவை மூடிவைத்தான். மணியடித்ததும் மேற்பார்வையாளர் வெற்றுத் தாளை வாங்கிப் போனார். எழுதத்தான் கொண்டுபோகிறார், பாவம், அவருக்குத்தான் எவ்வளவு வேலை என்று கொப்பையாவுக்கு மனசு இளகிவிட்டது.

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். பேச்சியின் அப்பா மோவாயைத் தடவினார். அவரும் அதே ஊர்க்காரர்தானே.

"பரீட்சையையே அவங்க எழுதிக்கிட்டா, வேலையையும் அவங்களே பாத்துக்குவாங்க. மாப்பிள்ளை வீட்டோட இருக்கலாம்" என்று தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டார்.

முகூர்த்தம் வந்தது. பூசாரி தாலியை நீட்டினார். பரீட்சை, வேலை எல்லாம் அடுத்தவர் பாடு என்றான பிறகு, இது மட்டும் நம் தலையிலா என்று கொப்பையா சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். நல்ல நேரம் கழிந்துகொண்டே போனது. பேச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். வெடுக்கென்று தாலியை வாங்கி அவன் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள்.

கூட்டம் அட்சதை தூவியது. கொப்பையா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, பிறந்த வீட்டைப் பிரிகிறோமே என்று விசும்ப ஆரம்பித்தான்.