சும்மா கொடுத்த காசு

முன்னொரு காலத்தில் கடம்பநாட்டை மகிழ்மாறன் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றிவிடுவான். ஒன்றே ஒன்றுதான் ஓராண்டாக மாறாமல் இருந்தது. பௌர்ணமிதோறும் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா ஒரு வெள்ளிக்காசு. யோசனை சொன்னவர் அமைச்சர் நம்பிநாதர். அதனாலேயே அரசவைப் பிரபு கூத்தபிரானுக்கு அது பிடிக்கவில்லை.

"அரசே, சும்மா கொடுத்தால் சும்மாதான் இருப்பார்கள்! என் வயலில் களை மண்டிக் கிடக்கிறது, கூப்பிட்டால் ஓர் ஆள் வருவதில்லை. காசு வாங்கும் அந்தச் செம்பாயி வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்!"

செம்பாயியை அழைத்து வந்தார்கள். இடுப்பில் குழந்தை.

"என்னம்மா செய்துகொண்டிருந்தாய்?" என்றான் அரசன்.

"சும்மாதான் இருந்தேன் மகாராசா."

சபை சிரித்தது. "கேட்டீர்களா, அவள் வாயாலேயே!" என்று துள்ளினார் கூத்தபிரான்.

"அப்படியானால் இனி யாருக்கும் காசு கிடையாது!" என்றான் அரசன்.

செம்பாயியின் முகம் செத்துப்போனது. "காசு நின்னா பிள்ளைங்களுக்கு ராத்திரிக் கஞ்சி நின்னுடும் சாமி."

நம்பிநாதர் அவளிடம் கூலியைப் பற்றி மெல்ல ஏதோ கேட்டார். அவளும் மெல்லப் பதில் சொன்னாள். பிறகு அவர் நிமிர்ந்து, "அரசே, நாளை ஒரு நாள் பொறுங்கள். இவர்கள் சோம்பேறிகள்தானா என்று பார்த்துவிடுவோம்" என்றார்.

அன்று மாலை முரசு அறைந்தார்கள்: "அரண்மனை வயலில் களையெடுப்பு! கூலி இரண்டு படி நெல்!"

மறுநாள் விடியுமுன் பெருங்கூச்சல். எதிரிப்படை வந்துவிட்டதென்று அரசன் ஒற்றைச் செருப்போடு வாளை உருவிக்கொண்டு ஓடினான். பார்த்தால், வயல் கொள்ளாமல் ஆட்கள். முன்வரிசையில் சேலையை இழுத்துச் செருகிய செம்பாயி.

"சோம்பேறிகள் என்னையே எழுப்பிவிட்டார்களே!" என்றான் அரசன்.

பின்னால் ஓடிவந்த கூத்தபிரானுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போன வருஷம் என்னிடம் அரைப்படிக்கு வந்த கூட்டம் அரசே இது!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன வருஷம் உமக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது பசி. அரசர் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்" என்றார் நம்பிநாதர்.

"ஆமாம் சாமி," என்றாள் செம்பாயி வயலிலிருந்து. "முன்னெல்லாம் அரைப்படிக்கும் தலையாட்டினோம். இப்பத்தான் 'முடியாது'ன்னு சொல்ல முடியுது."

அரசன் மீசையைத் தடவினான். "கூத்தபிரானே, உமது நாற்பது வேலி நிலம் எப்படி வந்தது?"

"தங்கள் பாட்டனார் என் பாட்டனாருக்குக் கொடுத்தது."

"விலைக்கா?"

"இல்லை."

"போரில் வென்றதற்கா?"

"இல்லை அரசே. அன்றைக்கு ஏதோ சந்தோஷமாக இருந்தாராம். சும்மா..."

வரப்பில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சும்மா வாங்கினவர் சும்மா இருப்பார் என்று நீர்தானே சொன்னீர்? உம்மை அப்படிக் கெட்டுப்போக விடமாட்டேன். இரண்டு படி கூலி தர மனம் வரும்வரை உமது வயலில் நீரே களையெடும்! ஏழைகளுக்குக் காசு பழையபடி தொடரும். நம்பிநாதரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"காசு உத்தரவைச் சாயங்காலம் மாற்றாமல் இருந்தால் போதும் அரசே."

பொழுது சாயும் நேரம். செம்பாயி மடியில் நெல்லோடு வரப்பில் வந்தாள். முழங்கால் சேற்றில், பட்டுத் தலைப்பாகை சரிய, ஒருவர் குனிந்திருந்தார்.

"ஐயோ, என்ன சாமி பண்றீங்க இங்க?"

கூத்தபிரான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சும்மாதான்" என்றார்.