பிரசவ வார்டின் இரும்பு ஸ்டூல்

டாக்டர் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் மகப்பேறு மருத்துவம் படிக்க வந்த டாக்டர் வையாபுரிக்கு நாற்பத்தாறு. பதினைந்து வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாடாய் உழைத்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். குரு சிஷ்யரை ‘சார்’ என்பார், சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். ஆரம்பத்தில் சிரித்த வார்டு, பிறகு பழகிக்கொண்டது.

வையாபுரிக்கு நல்ல வேகமான கை. மற்றவர்கள் கையுறை மாட்டி முடிப்பதற்குள் அவர் சிசேரியனையே முடித்துவிடுவார் என்று நர்சுகள் கிண்டலடிப்பார்கள். ஆனாலும் மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல். இன்னும் இரண்டு மாதத்தில் படிப்பு முடிகிறது. போகப்போகிற தாலுகா மருத்துவமனையில் பிரசவத்துக்கு அவர் ஒருவர்தான். பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரு காலையில் கேட்டேவிட்டார்.

“மேடம், பக்கத்து யூனிட்ல நூறு பேர் வந்தா அறுபது பேருக்கு ஆபரேஷன். நம்ம யூனிட்ல முப்பதைத் தாண்ட மாட்டேங்குது. இங்கயும் குழந்தைங்க நல்லாத்தான் பொறக்குது. கத்தியை எப்ப எடுக்கணும், எப்ப காத்திருக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?”

மூலையில் ஓர் இரும்பு ஸ்டூல் கிடந்தது. ஜெசிந்தா அதன் மேலிருந்த கேஸ் ஷீட்டுகளை எடுத்து மேஜையில் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து வந்து சோபனாவின் கட்டிலருகே வைத்தார்.

சோபனாவுக்குத் தலைப்பிரசவம். கர்ப்பப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்து, அதற்கு மேல் நான்கு மணி நேரமாக அசையவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு குறை ஒன்றுமில்லை. வையாபுரி மனசுக்குள் அவளை ஏற்கெனவே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

“உட்காருங்க சார். கையை அவ வயித்து மேல வைங்க.”

“எவ்வளவு நேரம் மேடம்?”

“அதையும் கையே சொல்லும்.”

ஆயிரக்கணக்கான வயிறுகளைத் தொட்டுப் பார்த்த கைதான். ஆனால் தொட்டதும் எடுத்துவிடுகிற கை. இன்று அப்படியே கிடந்தது. வலி வரும்போது வயிறு கல்லாய் இறுகியது, போகும்போது இளகியது. அவ்வப்போது பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார், சீராக இருந்தது. சோபனாவை எழுந்து உட்காரச் சொன்னார், நாலடி நடக்கச் சொன்னார், நர்ஸிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“உங்களுக்கென்ன டாக்டர், சொகுசா ஸ்டூல்ல உட்கார்ந்துட்டீங்க!” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து வலிகள் நெருங்கி வருவதை முதலில் அவர் கைதான் அறிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. வையாபுரி நர்சுகள் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தியே எடுக்காத ஒரு நாளில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் அதே கட்டிலில் பிரசவ வலியோடு ஜீவிதா. யாரும் சொல்லாமலே வையாபுரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்துக்கு முன்புதான் நர்ஸ் இதயத்துடிப்பு பார்த்திருந்தார், நன்றாகவே இருந்தது. நான்கு பயிற்சி மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு முந்தின நாள் கதையை ஆரம்பித்தார். “பொறுமை வேணும்பா! நான் எழுந்திருக்கவே இல்லையே!” கதை சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, நால்வரும் வாய் பிளந்து கேட்டார்கள்.

அந்த வழியாக வந்த ஜெசிந்தா, போகிற போக்கில் ஜீவிதாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். நின்றுவிட்டார்.

“வலி விட்டுச்சாம்மா?”

“விடவே மாட்டேங்குது டாக்டர்.”

வயிறு இளகவில்லை. நர்ஸ் ஓடிவந்து பார்த்தபோது நூற்றுப்பத்துக்குக் கீழே போகக் கூடாத பிள்ளையின் துடிப்பு எண்பதுக்கு இறங்கியிருந்தது.

“தியேட்டர். இப்பவே. சார், உங்க கைதான் வேகம். நீங்கதான் பண்றீங்க.”

நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. வையாபுரியின் கை அன்று பறந்தது. எடுத்த குழந்தை அழவில்லை. ஜெசிந்தா அதன் முதுகைத் தேய்த்தார், மூச்சுக் கொடுத்தார். அரை நிமிடம் ஓடியது. பிறகு அழுதது. ஜீவிதாவும் பிழைத்தாள்.

கை கழுவும் தொட்டியருகே வையாபுரி வெகுநேரம் நின்றார். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாதான் குழாயை மூடினார்.

“மேடம், நேத்து காத்திருக்கச் சொன்னீங்க, காத்திருந்தேன். இன்னிக்கும் அதே ஸ்டூல்ல, அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க வரலைன்னா அந்தக் குழந்தை... நான் எங்க தப்புப் பண்ணேன்?”

ஜெசிந்தா துண்டில் கையைத் துடைத்தார்.

“அந்தப் பசங்களுக்கு என்னமோ கதை சொன்னீங்களே சார். எனக்கும் சொல்லுங்க.”

வையாபுரிக்குப் புரியவில்லை. ஆனாலும் குரு கேட்டால் சொல்ல வேண்டும்.

“நேத்து நடந்ததுதான் மேடம். வயிறு இப்படி இறுகி வரும், அப்புறம் இப்படி...”

இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் ஒரு வயிற்றை வளைத்துக் காட்டினார்.

“அந்தப் பசங்களுக்குச் சொன்னப்பவும் ரெண்டு கையும் இப்படிக் காத்துலதான் இருந்துதா சார்?” என்று ஜெசிந்தா மெல்லக் கேட்டார்.

வையாபுரி தன் கைகளைப் பார்த்தார். கீழே இறக்கத் தோன்றவில்லை.