இறங்கித் தள்ளிய தூரம்

தங்கப்பழம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. மடத்தை நடத்துகிற அம்மைக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மைக்கு அது பிடிக்காது. எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இலை போடு என்று அர்த்தம். நான் அங்கே சமையல்காரன். பதினோரு வருஷமாக அம்மை பேசுவதைவிடப் பேசாததைப் புரிந்துகொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் தன் கதையைச் சொன்னார். முப்பத்துமூன்று வருஷம் சொந்த ஊரிலேயே தபால்காரராக இருந்தவர். அந்த ஊரில் பண்ணையார் வீடு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் வடக்குத் தெரு ஆட்கள் யாரும் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக்கூடாது. மதில் தொடங்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, மதில் முடிந்த பிறகுதான் ஏறவேண்டும். தங்கப்பழம் வடக்குத் தெரு. மழையிலும் காய்ச்சலிலும் தபால் பையோடு இறங்கித் தள்ளியிருக்கிறார்.

பண்ணையார் செத்துப்போனார். பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உள்ளே வௌவால்தான் குடித்தனம் செய்கிறது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், பூங்கனி. நர்ஸுக்குப் படித்து அதே ஊருக்கு வேலைக்கு வந்தாள். ஒரு நாள் காலை, பிரசவ வலி என்று ஆள் வந்து சொல்ல, ஸ்கூட்டியில் கிளம்பியவள் அந்த வீட்டு முன்னால் இறங்கவில்லை. மறுநாள் அவசரம் எதுவும் இல்லை. அன்றைக்கும் இறங்கவில்லை. வந்தது வினை. வடக்குத் தெருப் பெண்கள் பிள்ளைகளை ஊசி போடத் தூக்கிவருவதை நிறுத்தினார்கள். அவளுக்குப் பேசிவைத்திருந்த கல்யாணம் நின்றது. மூன்றாவது வாரம், அந்த மதிலுக்கு முன்னாலேயே அவளை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். அடித்தது எல்லாம் வடக்குத் தெரு ஆட்கள்தான். அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். இரண்டு வருஷமாக அப்பாவின் போனை எடுப்பதில்லை.

"ஊரு எம் பிள்ளைய வெரட்டிட்டும்மா. அந்த வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லல. இவங்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?"

அம்மை வேறொன்று கேட்டார்.

"உங்க போனை ஏன் எடுக்க மாட்டேங்குறா?"

"தெரியலியேம்மா. ஒரு தடவை எடுத்து 'அப்பா'ன்னு சொன்னா போதும். அதுக்கு ஒரு வழி கேட்டுத்தான் வந்தேன்."

கொஞ்ச நாள் இங்கேயே இருங்கள் என்றார் அம்மை. தினமும் காலையில் ஆற்றுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது; யாருக்கு வேண்டும் ஆற்றுத் தண்ணீர்? கேட்டால் பதில் வராது என்று தெரியும், கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கிடந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒரு பக்கம் கை ஒடிந்தது. ஆற்றுப் பாதையில் புங்கமரத்தடியில் கொண்டுபோய்ப் போடு என்றார். போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை தங்கப்பழம் குடங்களோடு வருவதைப் பார்த்தேன். நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினார். தள்ளிக்கொண்டு அதைக் கடந்து வந்தார். அப்புறம் ஏறப் பார்த்தார். பின்னால் இரண்டு நிறைகுடம், ஏறுவது லேசா? தடுமாறி, பாதித் தண்ணீரைக் கொட்டி, ஒருவழியாக வந்து சேர்ந்தார். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அம்மா உக்கார்ற நாற்காலி இல்லையா?"

அம்மை அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் பூ கொண்டுவருகிறவரும் இறங்கினார். ஐந்தாம் நாள் மடத்துக்கு வந்த இரண்டு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். ஆறாம் நாள் காய் வாங்கச் சந்தைக்குப் போன நானும் இறங்கினேன். அந்த ஓட்டை நாற்காலியைத் தலையில் சுமந்துபோய்ப் போட்டவனே நான். தள்ளிக்கொண்டு நடக்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரே பூக்காரர் வந்துகொண்டிருந்தாரே, என்ன செய்ய?

ஒன்பதாம் நாள் காலையில் புதிதாக ஒரு பால்காரர் அந்த வழியாக வந்தார். கொம்பையா என்று பெயர். இரண்டு பக்கமும் பால்கேன் தொங்க, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார். எதிரே தங்கப்பழம் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்தவர் தன் சைக்கிளை அப்படியே கீழே விட்டார். குடங்கள் உருண்டன. ஓடிப்போய்க் கொம்பையாவின் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார். சைக்கிளோடு அவரும் சாய்ந்து விழ, பால் முழுவதும் மண்ணில் போயிற்று.

"நாங்க அத்தனை பேரும் இறங்கிப் போறோமே, நாங்க என்ன கிறுக்கனுங்களா?"

சொல்லிக்கொண்டே கையை ஓங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அம்மை வந்துவிட்டார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

அம்மை கொம்பையாவைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது என்ன மடமோ என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அம்மை நாற்காலியைக் காட்டி, உடைத்து அடுப்பில் வை என்றார். எனக்கு அதைத் தொடவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தங்கப்பழம் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாள் இறங்குனீங்க?" அம்மை கேட்டார்.

"ஒன்பது நாள்."

"நான் இறங்கச் சொன்னேனா?"

"இல்ல."

"ஒன்பது நாளுக்கே கை ஓங்கிட்டீங்க."

பாலை மோந்துபார்த்துக்கொண்டு ஒரு நாய் வந்தது. அதை விரட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு உங்க மகளை வண்டியிலேருந்து இழுத்தது யாரு?"

"ஊரு."

"ஊருக்குக் கை கிடையாது."

தங்கப்பழம் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நான்தாம்மா. மொதல்ல இழுத்தது நான்தான். 'உள்ள யாருப்பா இருக்கா?'ன்னு கேட்டா. யாருமில்லன்னேன். 'அப்போ முப்பத்துமூணு வருஷமா யாருக்கு இறங்குன?'ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. பிடிச்சு இழுத்துட்டேன். அப்பனே இழுத்துட்டான்னு பாத்துட்டுத்தான் மத்தவங்க கை வச்சாங்க."

எனக்கு அவரை நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், உடைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தங்கப்பழம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மையோடு மடத்து வாசலுக்கு வந்தார்; அது அடுப்படி ஜன்னலுக்கு நேர், பேச்சு கேட்டது.

"நான் இனி என்னம்மா செய்யணும்?"

"ஊருக்குப் போங்க. அந்த வீட்டு முன்னால இறங்காம போங்க."

"அடிப்பாங்க."

"அடிப்பாங்க. முதல்ல கை ஓங்குறவன் முகத்தைப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச முகமாத்தான் இருக்கும்."

தங்கப்பழம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். குடங்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். ரொம்ப நேரம் அந்தக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"இறங்காம போனா, எம் பிள்ள போனை எடுப்பாளாம்மா?"

"அவ இறங்காம போனது என்ன கிடைக்கும்னு கேட்டுட்டா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். அம்மையைக் கும்பிட்டுவிட்டு, ஊருக்குப் போகிற ஆற்றுப் பாதையில் திரும்பிச் சைக்கிளில் ஏறினார். நன்றாகத்தான் மிதித்துக்கொண்டு போனார். என் அடுப்பில் நாற்காலி எரிந்துகொண்டிருந்தது. புங்கமரம் வந்தது.

இறங்கினார்.